வெஸ்நாத் ஆட வருகிறவர்களுக்கு: அடிக்கும் முன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் எனக்குத் தெரிந்த தம்பிகளில் பாதிப் பேர் செல்போனில் சுட்டுத்தள்ளும் விளையாட்டிலேயே வளர்ந்தவர்கள். யோசித்து ஆடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது, கதை இருக்கிறது, சண்டை போடப் போட நம் ஆள் லெவல் ஏறுவான், ஒரு பைசா செலவில்லை என்று சொன்னால் உடனே இறக்கிக்கொள்கிறார்கள். அப்புறம் "இன்னாண்ணா இது, ஏழாவது டர்ன்லயே என் ஆளுங்க எல்லாம் காலி" என்று வந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

விளையாட்டின் பெயர் 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் ஒயிட் என்பவர் தொடங்கி, 2003இல் முதல் பதிப்பு வெளிவந்தது. அதற்குப் பிறகு பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருள், அதனால் பணம் கட்டினால்தான் நல்ல வாள் கிடைக்கும் என்கிற கதையெல்லாம் இதில் கிடையாது. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம், நீங்கள் ஒரு முறை நகர்த்த வேண்டும், எதிரி ஒரு முறை நகர்த்துவான். அவசரமே இல்லை. ஒரு டர்னுக்கு அரை மணி நேரம் யோசித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை, ஆனால் துப்பாக்கி விளையாட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த 'அவசரமில்லை' என்பதுதான் புரிய நாளாகிறது.

திரையில் வரும் பெயர்களையே தமிழ் எழுத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்க வசதியாக இருக்கும்.

இறக்குவது, தொடங்குவது

வெஸ்நாத் டாட் ஆர்க் தளத்தில் கிடைக்கிறது, ஸ்டீமிலும் இலவசம்தான். உபுண்டு, டெபியன் வைத்திருக்கிறவர்கள் எங்கேயும் போக வேண்டாம், அவற்றின் மென்பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. சில நூறு எம்பி இறக்க வேண்டியிருக்கும், அதற்கு மட்டும் நெட் வேண்டும், ஆடுவதற்கு வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப் அலமாரியில் தூசி படிந்து கிடந்தால் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். அதில் விண்டோஸ் ரொம்பப் பழசு என்றால் விளையாட்டின் பழைய பதிப்பு ஒன்றை இறக்கிக்கொண்டால் போதும், அடிப்படை எல்லாம் ஒன்றுதான். கத்திரி வெயில் நேரத்தில் மட்டும் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஆடாதீர்கள். நம் ஊர் சூட்டுக்குக் காற்று போக வழியில்லாமல் நடுச் சண்டையில் அணைந்துவிடும்.

திறந்ததும் டுட்டோரியல் என்று இருக்கும். அதை ஆடுங்கள். தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு என்னிடம் வந்து நிற்பவர்கள். டெல்ஃபடார் என்ற கிழட்டு மந்திரவாதி பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார், முதலில் பொம்மையை அடிக்கவிடுவார்.

அது முடிந்ததும் 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்' என்ற கதைத் தொடரை எடுங்கள். அண்ணன் தம்பிக் கதை, ஒருவன் மந்திரவாதி, ஒருவன் போர்வீரன், ஊரைக் காப்பாற்ற வேண்டும். நாலே நாலு கட்டங்கள் (வரைபடத்தில் உள்ள அறுகோணக் கட்டம் இல்லை, கதையில் வரும் ஒவ்வொரு சண்டையையும் கட்டம் என்கிறேன்), இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். அடுத்தது 'தி சவுத் கார்ட்'. டியோரன் என்ற இளம் வீரன் தெற்கு எல்லைக் காவலை ஏற்றுக்கொள்ளப் போகிறான், ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். பட்டியலில் 'ஏர் டு த த்ரோன்' என்று ஒன்று கவர்ச்சியாக இருக்கும், வெஸ்நாத் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது அதுதான், ஆனால் அது ரொம்ப நீளம், முதல் பாதியில் செய்த வீண்செலவு பின்பாதியில் வந்து கழுத்தைப் பிடிக்கும். இப்போதைக்கு வேண்டாம். கடினம் எவ்வளவு என்று கேட்கும்போது கௌரவம் பார்க்காமல் இருப்பதிலேயே எளிதானதைத் தேர்ந்தெடுங்கள்.

நகர்த்தும் முன் படிக்க வேண்டியவை

ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் நோக்கம் என்ன என்று ஒரு பெட்டி வரும். அதைப் படிக்காமல் மூடிவிட்டால் கண்ட்ரோலும் ஜே-வும் அழுத்தி மறுபடி பார்க்கலாம். மூன்று விஷயம் அதில் இருக்கும்: என்ன செய்தால் ஜெயிப்பீர்கள், யார் செத்தால் தோற்பீர்கள், எத்தனை டர்ன் இருக்கிறது. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தலைவன் செத்தால் ஆட்டம் முடிந்தது, சில கட்டங்களில் கூட வரும் கதாபாத்திரங்கள் செத்தாலும் முடிந்தது.

அப்புறம் ஒரு ஆள்மேல் மவுஸை வைத்தால் வலது பக்கம் அவன் விவரம் வரும். ஸ்பியர்மேன் என்ற ஈட்டிக்காரனை எடுத்துக்கொள்வோம். ஈட்டிக்கு எதிரே 7-3 என்று போட்டிருக்கும். ஒரு குத்துக்கு 7 சேதம், ஒரு சண்டையில் 3 குத்து என்று அர்த்தம். மூன்றும் படும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. படுமா படாதா என்பது எதில் இருக்கிறது என்பதுதான் இந்த விளையாட்டின் பாதி.

எங்கே நிற்கிறீர்கள்

உங்களை அடிக்க வருகிறவன் எவ்வளவு பெரிய வீரன் என்பதைப் பொறுத்து அடி படுவதில்லை. நீங்கள் எந்த நிலத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே படும். ஒரு சாதாரண மனித வீரன் புல்வெளியில் நின்றால் அவனுடைய தற்காப்பு 40 சதவீதம், அதாவது எதிரி வீசும் ஒவ்வொரு அடியும் படுவதற்கு 60 சதவீத வாய்ப்பு. அதே ஆள் கிராமத்திலோ கோட்டைக் கட்டத்திலோ மலையிலோ நின்றால் தற்காப்பு 60. குன்றிலும் காட்டிலும் 50. மணலில் 30. ஆழமில்லாத தண்ணீரிலும் சேற்றிலும் வெறும் 20, அதாவது ஐந்தில் நாலு அடி மேலே விழும். வேலூர்க் கோட்டை அகழியை ஒரு தடவை சுற்றி வந்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

ஆளுக்கு ஆள் இது மாறும். எல்ஃப்கள் என்ற காட்டு இனத்தார் காட்டுக்குள் நின்றால் பெரும்பாலும் அறுபதுக்குக் குறையாது, அவர்களைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகிறவன் முட்டாள். குதிரைக்காரனுக்குக் காட்டில் 30தான், அவனை மரங்களுக்கிடையே அனுப்பாதீர்கள். எந்தக் கட்டத்தின்மேல் மவுஸை வைத்தாலும் நீங்கள் தேர்ந்தெடுத்த ஆளுக்கு அங்கே எவ்வளவு தற்காப்பு என்று காட்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னும் அதைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சாவு குறையும்.

இதிலிருந்து ஒரு வேலை கிளம்புகிறது. ஆறு ஒன்று குறுக்கே ஓடினால் நீங்கள் ஆற்றில் இறங்காதீர்கள். இந்தக் கரையில் ஒரு வரிசையாக நில்லுங்கள். உங்களை அடிக்க வேண்டும் என்றால் அவன்தான் தண்ணீரில் நின்று அடிக்க வேண்டும், உங்கள் டர்ன் வரும்போது அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான். கணினி ஆடும் எதிரி பெரும்பாலும் பொறுக்க மாட்டான், அடிக்க வழி கிடைத்தால் இறங்கிவிடுவான். முதல் சில கட்டங்களை இந்த ஒரே தந்திரத்தை வைத்தே முடிக்கலாம்.

எப்போது அடிக்கிறீர்கள்

மேலே ஒரு சின்னப் படத்தில் சூரியனோ நிலாவோ தெரியும். அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் என்பது ஆறு டர்ன்: விடியல், காலை, மதியம், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். லாஃபுல் என்று குறித்திருக்கும் ஆட்கள் காலையிலும் மதியத்திலும் 25 சதவீதம் கூடுதலாக அடிப்பார்கள், இரண்டு சாமத்திலும் 25 சதவீதம் குறைவாக அடிப்பார்கள். கேயாட்டிக் என்றால் நேர் எதிர். விடியலும் அந்தியும் இவர்கள் இருவருக்கும் சமம். மனித வீரர்கள் பெரும்பாலும் பகல் கட்சி. ஓர்க் என்ற முரட்டு அரக்கர்கள், பிணப்படை, கொள்ளைக்காரர்கள் இரவுக் கட்சி. எல்ஃப்களுக்கும் குள்ளர்களுக்கும் நேரம் ஒரு பொருட்டே இல்லை.

சும்மா 25 சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஸ்பியர்மேன் 7-3, எதிரே வருகிற ஓர்க் கிரண்ட் 9-2. மதியத்தில் உங்கள் குத்து 9 ஆகிறது, மூன்றும் பட்டால் 27. அவன் வெட்டு 7 ஆகிறது, இரண்டும் பட்டால் 14. அதே இருவர், அதே இடம், நடுச்சாமம்: உங்கள் குத்து 5, மூன்றும் பட்டால் 15தான். அவன் வெட்டு 11, இரண்டும் பட்டால் 22. பகலில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உங்கள் பக்கம் இருந்த சண்டை ராத்திரியில் அப்படியே அவன் பக்கம் சாய்ந்துவிட்டது, உங்கள் ஆள் ஒன்றும் தப்புச் செய்யவில்லை, நீங்கள்தான் கடிகாரத்தைப் பார்க்காமல் அனுப்பிவிட்டீர்கள்.

ஆகவே ஓர்க்கோ பிணப்படையோ எதிரி என்றால் அந்தி டர்னிலேயே ஆட்களைப் பின்னால் இழுத்துக் கிராமம், குன்று, கோட்டை என்று நல்ல இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். இருட்டு இரண்டே டர்ன். அவன் அந்த இரண்டு டர்னில் வந்து முட்டி, முன்னால் வந்தவர்கள் காயப்பட்டு நிற்கும்போது விடியும். விடிந்ததும் மொத்தமாகப் பாயுங்கள். பின்வாங்குவது அவமானம் என்று நினைக்கிற பையன்கள் உண்டு, அவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கட்டும்.

எதிரி எவ்வளவு தூரம் வர முடியும் என்று விரல் வைத்து எண்ண வேண்டாம். கண்ட்ரோலும் வி-யும் அழுத்தினால் அவன் அடுத்த டர்னில் எட்டக்கூடிய கட்டங்கள் எல்லாம் தெரியும். அந்த எல்லையின் விளிம்பில், நல்ல தற்காப்பு உள்ள இடத்தில், உடம்பில் தெம்புள்ள ஒருவனை மட்டும் நிறுத்தினால் எதிரிப் படையில் வேகமாக ஓடக்கூடிய இரண்டு மூன்று பேர் மட்டும் தனியாக வந்து மாட்டுவார்கள், மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் இவர்கள் கதையை முடித்துவிடலாம்.

வரிசை

ஆடு புலி ஆட்டம் ஆடியிருந்தால் இது உடனே பிடிபடும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஒற்றை ஆட்டைப் புலி தாண்டி வெட்டிவிடும், ஆடுகள் அடுத்தடுத்து நின்றால் புலிக்குப் போக வழியில்லை. இங்கேயும் அப்படித்தான். லெவல் ஒன்றும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு ஆளும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களைக் கட்டுப்படுத்துகிறான். எதிரி அதில் எந்தக் கட்டத்தில் கால் வைத்தாலும் அந்த டர்னுக்கு அவன் நடை முடிந்தது. ஆகையால் இரண்டு பேருக்கு நடுவே இரண்டு கட்டம் காலியாக இருந்தாலும் ஒரே டர்னில் யாரும் ஊடுருவிப் பின்னால் போய்விட முடியாது. குறைந்த ஆட்களை வைத்து அகலமான இடத்தை அடைப்பது இப்படித்தான். லெவல் பூஜ்யம் ஆட்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, ஸ்கிர்மிஷர் என்று குறித்திருக்கிறவன் எதையும் மதிக்காமல் நழுவிப் போவான், ஃபென்சர் மாதிரி. இந்த இரண்டு விதிவிலக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாக வெட்டவெளியில் நிற்பவனை ஆறு பேர் சூழ்ந்து அடிக்கலாம். நேர் வரிசையில் இருபுறமும் தோழன் நிற்கிறான் என்றால் முன்னாலிருந்து இரண்டு பேர்தான் தொட முடியும். வரிசை வளைந்திருந்தால் முட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு மூன்று பேர். அந்த இடத்தில் இருப்பதிலேயே முரட்டு ஆளை நிறுத்துங்கள்.

திருப்பியும் பயன்படுத்தலாம். எதிரி ஒருவனுக்கு இந்தப் பக்கம் ஒருவன், நேர் எதிர்ப்பக்கம் ஒருவன் என்று இரண்டே பேரை நிறுத்தினால் போதும். அவன் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு கட்டத்தோடு நிற்க வேண்டியதுதான். காயப்பட்டு ஓடப் பார்க்கிற தலைவர்களைப் பிடிக்க இது நல்ல வழி.

வரிசைக்குப் பின்னால் வைத்தியம் பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். எல்ஃபிஷ் ஷாமன் பக்கத்தில் நிற்கும் எல்லோருக்கும் டர்னுக்கு 4 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி, கொடுப்பாள், ஒயிட் மேஜ் என்ற மந்திரவாதி 8 கொடுப்பார். கிராமத்தில் நிற்பவனுக்கும் 8. அசையாமல், சண்டையிலும் சிக்காமல் ஓய்வாக இருந்தால் 2. பாதி ஹெச்பி போனவனைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் புதியவனை நுழைப்பதுதான் தினசரி வேலை. விஷம் ஏறியிருந்தால் உடனே அனுப்புங்கள், டர்னுக்கு 8 போகும். விஷம் தானாகக் கொல்லாது, ஒன்று மிச்சம் வைக்கும், அந்த ஒன்றை எதிரி பார்த்துக்கொள்வான். கிராமத்தில் முதல் டர்ன் விஷம் இறங்கும், அடுத்த டர்னிலிருந்துதான் ஹெச்பி ஏறும்.

யாரை எதனால் அடிப்பது

ஆயுதம் இரண்டு வகை: கிட்டே நின்று அடிப்பது, தூரத்திலிருந்து அடிப்பது. நீங்கள் எந்த வகையில் அடிக்கிறீர்களோ அதே வகையில்தான் அவன் திருப்பி அடிக்க முடியும். மேலே சொன்ன ஓர்க் கிரண்டிடம் வாள் மட்டும்தான் இருக்கிறது, வில் கிடையாது. எல்ஃபிஷ் ஆர்ச்சரை வைத்து நாலு அம்பு விட்டால் அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். டார்க் அடெப்ட் என்ற சூனியக்காரனுக்கு நேர்மாறு. அவனிடம் கிட்டச் சண்டைக்கு ஒன்றுமே இல்லை, ஆகவே மந்திரத்துக்குப் பயந்து தள்ளி நிற்காமல் வாளோடு போய் ஒட்டிக்கொள்ளுங்கள். குதிரைமேல் வரும் ஹார்ஸ்மேன் பாய்ந்து அடித்தால் கொடுக்கும் சேதமும் வாங்கும் சேதமும் இரட்டிப்பு. திருப்பி அடிக்க முடியாத டார்க் அடெப்ட்மேல் அவனை ஏவினால் அல்வா, ஸ்பியர்மேன்மேல் ஏவினால் குதிரையும் போச்சு ஆளும் போச்சு.

சேதத்திலும் வகை உண்டு. எலும்புக்கூட்டை வாளால் வெட்டினாலும் ஈட்டியால் குத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, நெருப்பும் கதாயுத அடியும்தான் அதற்கு மருந்து. அண்ணன் தம்பிக் கதையில் பிணப்படை வரும்போது நெருப்பு வீசும் மேஜ்களை முன்னால் கொண்டுவாருங்கள். ஆனால் மேஜுக்கு 24 ஹெச்பிதான். அவன் வந்து அடித்துவிட்டு அதே இடத்தில்தான் நிற்பான், எதிரியின் டர்னில் யார் யார் அவனைத் தொட முடியும் என்று எண்ணிவிட்டு அனுப்புங்கள். இரண்டுக்கு மேல் என்றால் அனுப்பாதீர்கள்.

யார் முதலில் அடிப்பது என்பதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. திருப்பி அடி வாங்காமல் அடிக்கக்கூடியவர்கள் முதலில். ஷாமன் இருந்தால் அவளுடைய அடி பட்டவன் மந்தமாகிவிடுவான், அவன் கொடுக்கும் சேதம் பாதியாகும், அதற்குப் பிறகு கிட்டச் சண்டைக்காரர்களை விடலாம். கடைசி அடி யாருக்கு என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

லெவல்

சண்டை போட்டாலே எதிரியின் லெவல் எவ்வளவோ அவ்வளவு எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, கிடைக்கும். கொன்றால் லெவலைப் போல எட்டு மடங்கு: லெவல் ஒன்றைக் கொன்றால் 8, இரண்டைக் கொன்றால் 16. எனவே ஏற்கெனவே பெரிய ஆளாகிவிட்ட தலைவனுக்கே எல்லாக் கடைசி அடியையும் கொடுக்காதீர்கள். இன்னும் கொஞ்சம் எக்ஸ்பி கிடைத்தால் லெவல் ஏறிவிடுவான் என்ற நிலையில் இருக்கும் ஆளுக்கு விட்டுக்கொடுங்கள். ஏறும்போது ஹெச்பி முழுசாக நிரம்பிவிடும், சாகக் கிடந்தவன் நடுச் சண்டையில் புது ஆளாக எழுந்து நிற்பான், அது ஒரு தனி சந்தோஷம். சில பேருக்கு எந்தப் பாதை என்று கேட்கும். மேஜ் வந்தால் முதல் ஆளை ஒயிட் மேஜ் ஆக்குங்கள். ரெட் மேஜ் பார்க்கக் கெத்தாக இருப்பான், ஆனால் வைத்தியர் இல்லாத படை இரண்டு பகல் தாங்காது.

செத்தவன் செத்தவன்தான், அடுத்த கட்டத்துக்கு வர மாட்டான். அதற்காக ஒருவரும் சாகக் கூடாது என்று அடம்பிடிக்க வேண்டாம், அப்படி யாராலும் ஆட முடியாது. ஒரு ஸ்பியர்மேன் 14 தங்கம், ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேர் போவது சகஜம். லெவல் இரண்டு மூன்று ஆனவர்களைப் பொத்திப் பாதுகாத்தால் போதும்.

தங்கம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைவன் கோட்டை நடுவில் உள்ள கீப் கட்டத்தில் நின்றால்தான் ஆள் எடுக்கலாம். முதல் இரண்டு டர்னில் எடுக்க வேண்டியதை எடுத்துவிடுங்கள், பிறகு வந்து சேர்கிறவன் சண்டை முடிந்த பிறகுதான் வருவான். எடுத்ததும் ஆளுக்கொரு கிராமமாகப் பிரித்து அனுப்புங்கள். கிராமம் பிடித்தால் டர்னுக்கு ஒன்றோ இரண்டோ தங்கம் வரும், ஒரு லெவல் அளவு ஆள் செலவையும் அது தாங்கும். ஆட்களின் மொத்த லெவல் கிராமங்களின் எண்ணிக்கையைத் தாண்டினால் தாண்டிய செலவு வருமானத்தில் கழியும். லாயல் என்று குறித்தவர்களுக்குச் செலவு கிடையாது.

பழைய ஆளை ரீகால் செய்வது வழக்கமாக 20 தங்கம். லெவல் இரண்டு ஆளை 20க்கு அழைப்பது லாபம். லெவல் ஒன்று ஆள் என்றால், லெவல் ஏறப்போகிறவனாக இல்லாவிட்டால் 14க்குப் புதுசாக எடுப்பதே நல்லது. கட்டம் முடியும்போது கையில் மிஞ்சியதில் ஒரு பகுதிதான், பெரும்பாலும் 40 சதவீதம், அடுத்த கட்டத்துக்கு வரும். சீக்கிரம் முடித்தால் மிச்சமுள்ள டர்ன்களுக்குப் போனஸ் உண்டு. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு எக்ஸ்பி தேடி ஊர் சுற்றுகிறவர்கள் அடுத்த கட்டத்தில் கையில் காசில்லாமல் நிற்பது இதனால்தான்.

"70 போட்டிருந்தது, எப்படிண்ணா தப்பும்?"

அதிகமாக வரும் கேள்வி இது. மேஜின் மந்திர அடி எதிரி எங்கே நின்றாலும் 70 சதவீதம் படும். மூன்று அடி. மூன்றும் படுவதற்கு வாய்ப்பு 34 சதவீதம்தான், குறைந்தது இரண்டு படுவதற்கு 78. மூன்றுமே தப்புவதற்கு 2.7 சதவீதம். குறைவுதான், ஆனால் நூறு தடவை அடித்தால் இரண்டு மூன்று தடவை நடக்கும், நடக்கிற அன்றைக்கு விளையாட்டு ஏமாற்றுகிறது என்று கத்துவீர்கள். ஏமாற்றவில்லை. அடிக்கத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் சேதக் கணக்கு பார்க்கும் பொத்தான் ஒன்று இருக்கிறது, கொல்லும் வாய்ப்பு எவ்வளவு, சாகும் வாய்ப்பு எவ்வளவு என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு 'இந்த அடி தப்பினால் என் நிலைமை என்ன' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். தப்பினால் மேஜ் போய்விடுவான் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். எல்லாம் சரியாக விழுந்தால் மட்டும் வேலை செய்கிற திட்டத்தைப் போடவே கூடாது.

ஒவ்வொரு டர்னும் தானாக சேவ் ஆகிறது. ஒவ்வொரு அடி தப்பும்போதும் பழைய சேவ் ஃபைலை எடுத்து ஆடினால் கட்டம் முடியும், நீங்கள் ஒன்றும் கற்றிருக்க மாட்டீர்கள், நாலு கட்டம் தாண்டி மாட்டிக்கொள்வீர்கள். என் கருத்து: நகர்த்தியதை யு அழுத்தித் திருப்பிக்கொள்வது தப்பே இல்லை, சண்டை நடக்காத வரையிலும் மறைந்திருந்த எதையும் பார்க்காத வரையிலும் விளையாட்டே அதை அனுமதிக்கிறது. படை பாதிக்கு மேல் போய்விட்டால் அந்தக் கட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடுங்கள், இப்போது எதிரி எந்த வழியாக வருவான் என்று தெரியும்.

இரண்டு பேராக

சவுத் கார்ட் முடித்துவிட்டால் ஏர் டு த த்ரோனைத் தொடலாம், இல்லை என்றால் விளையாட்டுக்குள்ளேயே ஆட்-ஆன்ஸ் பகுதியில் மற்ற ஆர்வலர்கள் எழுதிய கதைத் தொடர்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை இறக்கிக்கொள்ள நெட் வேண்டும். ஆனால் சீக்கிரம் தேற வேண்டுமானால் மனிதனோடு ஆடுங்கள். இணையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் போய் முதலிலேயே உதை வாங்க வேண்டாம். மல்ட்டிபிளேயரில் லோக்கல் கேம் என்று போட்டால் ஒரே லேப்டாப்பில் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆடலாம். அண்ணன் தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ போதும், கரண்ட் போன சாயங்காலத்துக்குப் பேட்டரி இருக்கிற வரைக்கும் ஓடும். முதல் ஆட்டத்துக்குச் சின்ன வரைபடமாக, இரண்டு பேருக்கானதாகப் பாருங்கள், இருவருமே லாயலிஸ்ட் படையை எடுங்கள், அப்போதுதான் என் படை மட்டம் உன் படை உசத்தி என்ற சண்டை வராது. ஃபாக், அதாவது தூரத்தில் உள்ள எதிரியை மறைக்கும் மூடுபனி, போட்டு ஆடினால் ஒருவர் டர்னில் மற்றவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், "பார்க்கலைண்ணா, சத்தியமா பார்க்கலை" என்பதையெல்லாம் நம்பாதீர்கள்.